உங்கள் உடை தயார்

உள்ளேயிருந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய டெய்லர், வெளியே வரிசையாக நின்ற கால்களைப் பார்த்ததும் அதை அப்படியே மறுபடியும் கீழே இறக்கிவிட்டார்.

"என்னங்க, ஏன் மூடிட்டீங்க?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான் அவர்கள் ராஜ்ஜியம்.

"வெளியே கூட்டமா நிக்குது."

"கூட்டம் வந்தா கடையை மூடுற ஒரே ஆள் நீங்கதான்."

"துணி குடுக்க வந்த கூட்டம் இல்ல. துணி கேட்டு வந்த கூட்டம். நிக்கிற கால்லேயே எனக்குத் தெரிஞ்சிடும்."

ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். "டெய்லரே! நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். மெசேஜ் அனுப்பி வரச்சொல்லிட்டு ஒளிஞ்சுக்கிட்டா என்ன அர்த்தம்?" வக்கீலின் குரல்.

மெசேஜா? டெய்லர் தன் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரையும் தானாக வரச்சொன்னதில்லை. அவர்களாக வருவார்கள், இவர் நாளைக்கு வரச்சொல்வார், அவர்கள் போய்விடுவார்கள். அதுதான் முறை. அதனாலேயே பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது 'நாளைக்கு டெய்லர்' கடைதான். தையல் என்னவோ அப்பழுக்கில்லாமல் இருக்கும். தோளில் ஒரு சுருக்கம் விழாது, ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் உடை கைக்கு வந்து சேர்வதற்குள் உடையவரின் இடுப்பு இரண்டு அங்குலம் மாறியிருக்கும்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கொழுந்தியாள் ஓடிவந்தாள். முகமெல்லாம் பல்.

"வந்துட்டாங்களா மாமா? நான்தான் அனுப்பினேன்! நான்கூட இல்ல, டூல் அனுப்பிச்சது. எல்லாம் ஆட்டோமேட்டிக்!"

மனைவியின் தங்கையான இவள், ஆன்லைன் மார்க்கெட்டிங் படிப்பை முடித்த கையோடு, படித்ததைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு சிறு வியாபாரத்தைத் தேடிக்கொண்டிருந்தவள். சொந்த அக்கா வீட்டிலேயே ஒன்று கிடக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும்? பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

டெய்லர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். 'அன்பு வாடிக்கையாளரே! உங்கள் உடை தயார். புன்னகையோடு வாருங்கள்!'

"எது தயார்? யாரோட உடை தயார்?"

"பில்லுல டெலிவரி தேதின்னு போட்டிருக்கீங்கல்ல மாமா? எல்லாத்தையும் டூல்ல ஏத்திட்டேன். தேதி வந்தா தானா மெசேஜ் போயிடும்."

டெய்லர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பில்லுல இருக்கிற தேதியை யாரும்மா உன்னை நம்பச்சொன்னது?"

"தேதின்னா தேதிதானே மாமா?"

"அது ஒரு மரியாதைக்குப் போடுறதும்மா! வழியில பார்த்தவங்களை 'ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க'ன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. சொல்றவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். உனக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?"

கொழுந்தியாள் பதில் சொல்வதற்குள் ஷட்டர் இன்னும் பலமாக அதிர்ந்தது.

இவ்வளவு வம்புக்கும் மூலகாரணம் மனைவியின் அண்ணன்தான். அவருக்கு ரெடிமேட் ஃபேக்டரி இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, எதுக்கு இந்தப் பொழப்பு? பேசாம என்கிட்ட வந்துடுங்க. காலர் செக்‌ஷன்ல இடம் காலியா இருக்கு" என்பார். காலர் செக்‌ஷன் என்றால் காலர் மட்டும்தான். விடிந்தால் காலர், பொழுது சாய்ந்தால் காலர். அந்தக் காலர் எந்தச் சட்டையில் போய் உட்காரும், அந்தச் சட்டையை யார் போடுவார், ஒன்றும் தெரியாது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் அளவைச் சொல்லிவிடுகிற டெய்லருக்கு அதை நினைத்தாலே நெஞ்சை அடைத்தது. தன் கடையை விட்டுப் போனால் பாதி மனிதனாகிவிடுவோம் என்று அவர் மனதார நம்பினார்.

மனைவி அப்படி நம்பவில்லை. இணையத்தில் கடைக்கு ஒன்றரை நட்சத்திரம் விழுந்திருப்பதை அண்ணன் காட்டியபோது அவளுக்கு மானமே போய்விட்டது. "நாலு பேர்கிட்ட நல்ல பேர் வாங்குங்க. இல்லன்னா அண்ணன்கிட்டப் போங்க" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். "நல்ல பேர்தானேக்கா? நான் வாங்கித் தர்றேன்" என்று தங்கை குறுக்கே விழுந்தாள். அன்றைக்கே 'ஊசிமுனையிலிருந்து' என்று கடைக்கு ஒரு வலைப்பூ முளைத்தது. கூடவே மெசேஜ் அனுப்ப ஒரு டூல், கமெண்ட்டுக்குப் பதில் போட ஒரு டூல், எந்த நேரத்தில் எதைப் போட்டால் எத்தனை பேர் படிப்பார்கள் என்று ஜோசியம் சொல்ல ஒரு டூல்.

சரி, வந்ததை எதிர்கொள்வோம் என்று டெய்லர் ஷட்டரைத் தூக்கினார்.

முன்னால் நின்ற வக்கீலின் முகம் கலவரமாக இருந்தது. "என் பேண்ட் ரெடியாமே? நிஜமாவா?"

"சார், உங்க உயரத்துக்குச் சாதாரண பட்டன் வச்சா எடுக்குமா? தனியா சொல்லி விட்டிருக்கேன். வரணும்ல?"

"ஓகோ, பட்டன் வரலையா?"

"வரல சார். நாளைக்கு வந்துடும்."

டீச்சரை ஓரமாக அழைத்துப்போய், கரண்ட் போய்ப் போய் வருவதால் மெல்லிய துணியில் கைவைக்கப் பயமாக இருப்பதாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரரிடம் மெஷின் பெல்ட் அறுந்துவிட்டதென்றார். ஆளுக்கு ஒரு காரணம், அவரவர் மனசுக்கு ஏற்ற மாதிரி. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் காதில் விழாமல் சொல்வதில்தான் இருக்கிறது சூட்சுமம். சற்று நேரத்தில் கடைவாசல் காலியாகிவிட்டது. சண்டைக்கு வந்த மாதிரி வந்தவர்கள் நடையில் ஒரு துள்ளலோடு திரும்பிப்போனார்கள். மருந்துக்கடைக்காரர் டெய்லரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டே போனார்.

"பார்த்தியா? வாய் உள்ள பிள்ளைதான் பிழைக்கும்" என்றார் டெய்லர் பெருமையாக.

கொழுந்தியாள் உதட்டைப் பிதுக்கினாள். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணமா? எவ்வளவு டைம் வேஸ்ட் மாமா! ஒரே காரணம், ஒரே போஸ்ட். பிளாக்ல போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்ச்சேரும்."

"வேண்டாம்மா."

"மெஷின் பெல்ட் காரணம் நல்லா இருக்கு. அதையே போட்டுட்டேன்."

"போட்டுட்டியா!"

போட்டேவிட்டாள். தையல் மெஷினைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, 'ஓடிக் களைத்த ஒரு சக்கரத்தின் கதை' என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். டெய்லர் மெஷினுக்குப் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது. கணக்குப் பார்க்கும்போது அவர் முகம் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

அரை மணி நேரத்தில் கமெண்ட்டுகள் வர ஆரம்பித்தன. வக்கீல் எழுதியிருந்தார்: 'என்னிடம் பட்டன் வரவில்லை என்றாரே?' அதற்குக் கீழே டீச்சர்: 'என்னிடம் கரண்ட் என்றார்.' அதற்குக் கீழே வேறு யாரோ: 'போன மாதம் என்னிடம் மாமியார் தவறிவிட்டார் என்றார்.'

"என்னங்க இது? எங்கம்மா நேத்துகூடப் பேசினாங்களே!" என்றாள் மனைவி.

"அது வேற மாமியார்" என்று டெய்லர் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் பதில் போடுகிற டூல் தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் கீழே, 'நன்றி! உங்கள் அன்பே எங்கள் பலம்!' 'யோவ், யாரை ஏமாற்றுகிறாய்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும், 'நன்றி! உங்கள் அன்பே எங்கள் பலம்!'

இத்தனை காலமாக ஒருவரிடம் சொன்ன பொய் இன்னொருவரைப் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து, கையில் கருவிப் பெட்டியோடு மெஷின் மெக்கானிக் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"டெய்லரண்ணே, போன வாரம்தானே சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன்? அதுக்குள்ள பெல்ட் அறுந்துபோச்சுன்னு ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. நான் பொழைக்க வேண்டாமா?"

"இல்லப்பா, அது வந்து..."

"எடுங்க மெஷினை. நானாச்சு அதுவாச்சு."

"பெல்ட் நல்லாத்தான்பா இருக்கு!"

"எனக்காகச் சொல்லாதீங்கண்ணே. தப்பு என்மேல இருந்தா நான்தான் சரி பண்ணணும்."

ரோஷக்காரர். தடுக்கத் தடுக்க மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகு வேறு சக்கரம் வேறாகக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் சந்தேகம் இன்னும் அதிகமாகி, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தன் பட்டறைக்கே போய்விட்டார். காலையில் சொன்ன பொய் மத்தியானத்துக்குள் நிஜமாகிவிட்டது.

"நல்லதாப் போச்சு மாமா, இப்ப போஸ்ட் உண்மையாயிடுச்சு" என்றாள் கொழுந்தியாள்.

"வாயை மூடு. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டவ நீ."

ஆனாலும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. கமெண்ட்டில் சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. டெய்லரே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "மெஷினைச் சொன்னா மெக்கானிக் வர்றான். கரண்ட்டைச் சொன்னா கரண்ட் ஆபீஸ்லேருந்து வருவான். பேசாம என்னைச் சொல்லிடு. கை சுளுக்குன்னு போடு. என்னைக் கழட்டிப் பார்க்க யார் வரப்போறா?"

வந்தார்கள். எலும்பு, தசை சுளுக்குக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி டாக்டரம்மா, தன் கோட்டு இந்தக் கடையில் மாதக்கணக்காகக் கிடக்கிறது என்ற கோபம்கூட இல்லாமல், பையோடு வந்து இறங்கினார்.

"டெய்லர், அசையாதீங்க. எந்தக் கை?"

டெய்லர் திருதிருவென்று விழித்துவிட்டு வலது கையை நீட்டினார். இடது கை என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றுவதற்குள் டாக்டரம்மா அதைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

"ஆ!"

"வலிக்குதுல்ல? நினைச்சேன். ரொம்ப முத்திப்போச்சு."

விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இறுக்கிக் கட்டுப் போட்டார். "நான் சொல்ற வரைக்கும் இதை அவிழ்க்கக் கூடாது. இந்த வழியாத்தான் தினமும் போவேன், பார்த்துட்டே போவேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். நிஜமாகவே வலித்தது, ஆனால் யாரிடம் போய் எப்படிச் சொல்வது? கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே டெய்லர் கட்டுக் கையோடு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து 'த்சொ த்சொ' கொட்டிவிட்டுப் போனார்கள். மெக்கானிக் மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் தைக்க வழியில்லை. ஒருமுறை மேசைக்கு அடியில் குனிந்து இடது கையால் காஜா எடுத்துப் பார்த்தார். அந்தக் காஜாவில் பட்டன் நுழையாது, வேண்டுமானால் பூனை நுழையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வலைப்பூ பிய்த்துக்கொண்டு ஓடியது.

"மாமா! 'சுளுக்கிய கை, சுருங்காத மனம்' போஸ்ட் எங்கேயோ போயிடுச்சு! எல்லாரும் ஷேர் பண்றாங்க! புதுசா நிறைய பேர் அட்ரஸ் கேட்கிறாங்க!"

கேட்டதோடு நிற்கவில்லை. வந்தார்கள். பாவம், கை சுளுக்கிய மனிதர், நம்மாலான உதவி என்று ஆளுக்கொரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கை சுளுக்கியவருக்குத் தைக்கத் துணி கொடுப்பது எந்த ஊர் உதவி என்று யாருக்கும் தோன்றவில்லை. அலமாரி நிரம்பி, ஸ்டூல் நிரம்பி, துணி மூட்டை திரைச்சீலையைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. கொழுந்தியாள் ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகத்தோடு ஒரு தேதி போட்டு டூலில் ஏற்றினாள்.

அன்று மாலை மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, பிளாக் படிச்சேன். மனசு கேட்கல. கை சுளுக்காமே?"

"ஆமாம் மச்சான், லேசா..."

"கவலைப்படாதீங்க. காலர் செக்‌ஷனுக்கு ஒரு கை போதும். ஒருத்தர் துணியை நீட்டுவாரு, நீங்க பட்டனை அமுக்கினா மெஷினே தைச்சிடும். திங்கக்கிழமை வந்துடுறீங்களா?"

டெய்லர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கட்டிலில் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மனைவி பேசி முடித்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். "இங்க பாருங்க. நான் ஒண்ணும் உங்களை விரட்டணும்னு நிக்கல. ஆனா இப்படிப் பொய் சொல்லியே காலத்தை ஓட்ட முடியுமா? இந்த வாரக் கடைசிக்குள்ள பழைய துணி அத்தனையும் தைச்சுக் குடுத்துடுங்க. பேங்க் மேடம் ஒருத்தங்க நல்லபடியா எழுதினா போதும், நானே அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுறேன்."

பேங்க் மேடம் என்பவர் அந்தப் பக்கத்திலேயே பெரிய வாய். எந்தக் கடைக்குப் போனாலும் இணையத்தில் ஒரு முழம் எழுதுவார். அவர் நல்லது என்றால் தெருவே நல்லது என்னும். பல வருட வாடிக்கையாளர்; ஆனால் இந்தக் கடையைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அது கோபத்தினால்தான் என்பது டெய்லரின் எண்ணம்.

டெய்லர் எழுந்தார். கத்தரியை எடுத்துக் கைக்கட்டை நீளவாக்கில் கிழித்து எறிந்தார்.

"ஷட்டரை இறக்கு. முதல்ல உன் தங்கச்சி கையிலிருந்து அந்தப் போனைப் பிடுங்கி வை."

அதன் பிறகு அந்தக் கடைக்குள் நடந்ததை யாராவது படமெடுத்திருந்தால், அதுதான் நல்ல போஸ்ட். விளக்கைப் போட்டுக்கொண்டு டெய்லர் வெட்டினார், தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். மனைவி ஓரம் மடித்தாள். கொழுந்தியாள் விரலில் நாலைந்து இடத்தில் குத்திக்கொண்டாலும் பட்டன் கட்டக் கற்றுக்கொண்டாள். அயர்ன் பெட்டி ஆறவே இல்லை. பல காலமாகப் பாதியில் தொங்கிக்கொண்டிருந்த உடைகள் ஒவ்வொன்றாகக் கையும் காலும் முளைத்து ஹேங்கரில் ஏறின. தன் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்பது டெய்லருக்கே தெரியாது.

"இந்தச் சுறுசுறுப்பை இத்தனை வருஷமா எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று மனைவி கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு டெய்லருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பேண்ட்டைக் கூடுதலாகத் தைத்தார்.

சனிக்கிழமை காலையில் கடை பளிச்சென்றிருந்தது. கொழுந்தியாள் டூலைத் தட்டினாள். 'உங்கள் உடை தயார். புன்னகையோடு வாருங்கள்!' அந்த டூல் முதல்முறையாக உண்மை பேசியது. டெய்லர் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றார்.

ஒருவரும் வரவில்லை.

"மெசேஜ் போச்சாம்மா?"

"எல்லாரும் பார்த்துட்டாங்க மாமா. பார்த்ததுக்கு அடையாளம் காட்டுது."

"அப்புறம் ஏன் வரல?"

"நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள் மனைவி. மறுபடி ஒரு மெசேஜ் போனது. 'சத்தியமாகத் தயார்!' என்று டெய்லரே வார்த்தை சொல்லிக்கொடுத்தார்.

வெகுநேரம் கழித்து வக்கீல் வந்தார். சம்மன் வாங்க வந்தவர் மாதிரி படியேறினார். பேண்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டன் எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்!"

"ஜிப்பு?"

"வச்சாச்சு சார்!"

"உயரம் கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி இல்ல? வேணும்னா வச்சுக்குங்க. அவசரமில்ல, நிதானமா சரி பண்ணிக் குடுங்க."

டெய்லர் விடுவாரா? அங்கேயே போடவைத்துக் காட்டினார். கச்சிதமாக இருந்தது. வக்கீல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

டீச்சர் கவுனை வாங்கிக்கொண்டு, "ஓ" என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா கோட்டைத் தொடக்கூட இல்லை. "கை சரியாயிடுச்சா? யாரைக் கேட்டு சரியாச்சு?" என்று எரிந்து விழுந்தார். மருந்துக்கடைக்காரர் தன் சூட்டைப் பார்த்ததும், "துரோகம் பண்ணிட்டீங்களே டெய்லரே" என்று சொன்ன மாதிரி இருந்தது. சரியாகக் காதில் விழவில்லை என்று டெய்லர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

மத்தியானம் கொழுந்தியாள் போனைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனாள்.

"மாமா, ஒன்றரை ஸ்டார் இருந்துச்சுல்ல?"

"ஏறிடுச்சா?"

"இப்ப ஒண்ணேகால்."

வாங்கிப் படித்தார்கள். 'முன்பு போல் இல்லை' என்று ஒருவர். 'நம்பிக் கொடுத்தேன், கவிழ்த்துவிட்டார்' என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் கீழே, 'நன்றி! உங்கள் அன்பே எங்கள் பலம்!'

"நான் என்னதான் தப்புப் பண்ணேன்?" டெய்லர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நேரத்துக்குக் குடுக்கலன்னாலும் திட்டு, குடுத்தாலும் திட்டா?"

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "பேங்க் மேடம் இன்னும் வரலையே. நீங்களே கொண்டுபோய்க் கையில குடுத்துட்டு வாங்க. வீடு தேடி வந்தா மனசு குளிராதா?"

அதுதான் கடைசி நம்பிக்கை. மேடத்தின் பச்சை கவுனையும் அவர் கணவரின் கோட்டையும் உறை போட்டு, இரண்டு கைகளிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு டெய்லர் தெருவில் நடந்தார். துணி கசங்கிவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார். இது சரியாக முடியாவிட்டால் திங்கட்கிழமை காலர்தான்.

பேங்க் மேடம் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மேடம் சோபாவில் சாய்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, தொண்டை தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? ரெண்டு பேரும் கிளம்பணும்னுதான் நினைச்சோம். என்ன பண்றது, அமைய மாட்டேங்குதே..."

டெய்லருக்கு ஆர்வம் தாங்கவில்லை. வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "மேடம்! ரெடி! கவுன், கோட்டு, ரெண்டும் ரெடி!"

மேடம் திடுக்கிட்டுப் போனை மூடப் பாய்ந்தார். அதற்குள் போனிலிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது. "அடடே, தைச்சு வந்துடுச்சா அண்ணி? நான் அப்பவே சொல்லல, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு? இதோ காரை அனுப்புறேன். விசேஷம் முடிஞ்சும் ஒரு வாரம் இங்கதான் இருக்கணும், சொல்லிட்டேன்!"

போன் அணைந்தது. பேங்க் மேடம் பேயறைந்த மாதிரி டெய்லரையும் அவர் கையிலிருந்த கவுனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் தடாலென்று கட்டிலில் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு சார்? மேடம் ஏன் இப்படிப் போறாங்க?" என்று டெய்லர், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேடத்தின் கணவரிடம் பதறினார். "அளவு பார்க்கவே இல்லையே? சொன்ன தேதிக்கு வீடு தேடிக் கொண்டுவந்திருக்கேன் சார்! ரெண்டு வரி நல்லதா எழுதினாங்கன்னா என் கடை பிழைச்சுக்கும்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். கோட்டை வாங்காமல், டெய்லரின் கையையே பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஏன்யா, நேரத்துக்குத் துணி வேணும்னா எங்களுக்கு ஊர்ல வேற டெய்லரா இல்ல? என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போகாம தப்பிக்கத்தானே வருஷக்கணக்கா உங்ககிட்டக் குடுக்கிறோம். இந்தத் தெருவே அதுக்குத்தானே உங்க கடைக்கு வருது!"